பூண்டுக்குப் பயப்படும் காட்டேரி உண்டா?

பூம்பாறைக்காரன்:
அறுவடை முடிந்ததும் மலைப்பூண்டைத் தாளோடு கொத்துக்கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை காட்டுவோம், அடுத்த விதைப்பு வரைக்கும் கெடாது. போன வாரம் பக்கத்து ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த ருமேனியாக்காரர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, ரத்தம் குடிக்கிற பேய்க்குப் பயந்தா இவ்வளவு என்று கேட்டார். கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் ஊரில் நவம்பர் 29 ராத்திரி, புனித ஆண்ட்ரூ திருநாளுக்கு முந்தின ராத்திரி, கதவு ஜன்னலில் எல்லாம் நிஜமாகவே பூண்டைத் தேய்ப்பார்களாம்.

நம் ரத்தக் காட்டேரி பூண்டை மதித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கே இரும்பு, வேப்பிலை, விளக்குமாறு, பிய்ந்த செருப்பு, இவ்வளவுதான். 2019இல் புவிசார் குறியீடே வாங்கின பூண்டு, அதை ஒரு பாட்டிகூடச் சொல்லவில்லை! மற்ற நாட்டுக் காட்டேரிகள் எதற்குப் பயப்படும்? எல்லாம் ஒரே வகையறாவா, ஊருக்கு ஒன்றா?

ஈப்போ மருமகள்:
அண்ணே, நான் பட்டிவீரன்பட்டியில் பிறந்து மலேசியாவில் வாக்கப்பட்டவள். இங்கே மலாய்க்காரர்கள் சொல்வது பெனாங்கலான். பகலில் சாதாரணப் பெண், சில கதைகளில் மருத்துவச்சி. ராத்திரியானால் தலை மட்டும் கழன்று, குடல் கீழே தொங்கத் தொங்கப் பறந்து வரும், பிள்ளை பெற்ற வீடுதான் குறி. திரும்பிப் போய் வீங்கின குடலை வினிகர் ஜாடியில் ஊறப்போட்டுச் சுருக்கினால்தான் உடம்புக்குள் போகும், அதனால் அந்தப் பெண்மேல் எப்போதும் வினிகர் வாடை அடிக்குமாம். வீட்டுக்குக் காவல், தாழை மாதிரி முள் வைத்த இலை. ஜன்னலைச் சுற்றிக் கட்டிவிட்டால் குடல் மாட்டிக்கொள்ளும்.

பிலிப்பைன்ஸில் இடுப்போடு பிரிந்து மேல்பாதி பறக்கும். விட்டுவிட்டுப் போன கீழ்பாதியில் உப்பையோ சாம்பலையோ கொட்டினால் மறுபடி ஒட்டாது, விடிந்தால் செத்தது. டிரினிடாடில் கிழவி தோலைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்புப் பந்தாகப் போவாள், அந்தத் தோலிலும் உப்புதான். இங்கே மலாய்க்காரர்கள் சொல்லும் இன்னொன்று பொந்தியானாக், அது பிரசவத்தில் செத்தவள், பிடரியில் ஆணி அடித்தால் அடங்கிவிடுவாள். மாமியார் இதைச் சொன்னதும், மோகினியை மரத்தில் ஆணியடித்து நிறுத்துகிற நம் ஊர்க் கதையை நான் எடுத்துவிட்டேன். அன்றைக்கு ரெண்டு பேருமே லைட்டை அணைக்கவில்லை.

சந்தேகப்பிராணி:
எல்லாம் வௌவாலைப் பார்த்துக் கிளம்பின கதைதான். நாம் பிணத்தை எரிக்கிறோம், அதனால் பிணம் எழுந்து வருகிற கதையே நமக்குக் கிடையாது. சிம்பிள்.

பண்ணைக்காடு சிஸ்டர்:
தம்பி, ரத்தம் குடிக்கிற வௌவால் மூன்று இனம், மூன்றுமே அமெரிக்கக் கண்டத்தில்தான். ஐரோப்பாவில் வாம்பயர் என்கிற பேய்க்கதை முதலில், அந்தப் பெயரை வௌவாலுக்கு வைத்தது அப்புறம். எல்லாரும் எரிப்பதும் இல்லை, எங்கள் கீழ்மலையிலேயே புதைக்கிற குடும்பங்கள் நிறைய.

1725இல் செர்பியாவில் கிசிலேவோ என்ற கிராமத்தில் ஒருவர் செத்து, பிறகு எட்டே நாளில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஊரே சேர்ந்து, ஆஸ்திரிய அதிகாரி பக்கத்தில் நிற்கவே, முதலில் செத்தவரைத் தோண்டினார்கள். உடம்பு அழுகவில்லை, வாயில் ரத்தம். நெஞ்சில் கழி இறக்கி எரித்துவிட்டார்கள். பிணவறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை: வயிற்றில் வாயு சேர்ந்து உடம்பு உப்பும், கறுத்த நீர் வாய் வழியாக வரும், தோல் சுருங்குவதால் நகமும் முடியும் வளர்ந்த மாதிரி தெரியும். இந்தத் தோண்டல் பைத்தியம் பரவி, 1755இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரசா தன் மருத்துவரிடம் அறிக்கை வாங்கித் தடையே போட்டார்.

எனக்கு மனசு கேட்காதது 1892இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்தது. மெர்சி பிரவுன், 19 வயசு. அம்மா, அக்கா, அப்புறம் இவள், எல்லாருக்கும் டிபி. அண்ணனும் படுக்கையில். ஜனவரிக் குளிரில் இறந்தவள் உடம்பு மார்ச்சில் கெடாமல் இருந்ததைக் காட்டி, இதயத்தை எடுத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலக்கி அந்த அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ரெண்டு மாசத்துக்குள் அவனும் போய்விட்டான். ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் டிபி கிருமியைக் கண்டுபிடித்து அப்போதே பத்து வருஷம் ஆகியிருந்தது.

கோத்தகிரி பெட்டிக்கடை:
அங்கே செத்தவர்மேல் பழி போட்டார்கள், எங்கள் நீலகிரியில் உயிரோடு இருந்தவர்கள்மேல். வியாதி, மாடு சாவு எல்லாம் குறும்பர் என்ற பழங்குடிகளின் மந்திரம் என்று பயந்து 1835இல் அவர்களைக் கூட்டமாகக் கொன்றது பழைய வெள்ளைக்காரன் பதிவுகளில் இருக்கிறது. காட்டேரி கதை கேட்க ஜாலியாகத்தான் இருக்கும், அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்பதையும் பார்க்கணும்.

பூம்பாறைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பிரசவமும் சாவும் எல்லாக் கதையிலும் வருகிறதே! கர்ப்பத்தோடு செத்தவள் பேரில் கீழே ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நட்டிருக்கிறார்கள், அவள் பாரம் இறங்கணும் என்று. கயானாவில் நம் ஆட்கள் வழிவந்தவர்கள் காட்டேரியை அம்மன் என்றே கும்பிடுகிறார்களாம். சிஸ்டர், ஒரு சந்தேகம். எஸ்டேட்டில் யாராவது வெளுத்துப் போய் மூச்சு வாங்கினால் காட்டேரி குடிக்கிறது என்பார்களே, அதற்கும் ஏதாவது உண்டா?

பண்ணைக்காடு சிஸ்டர்:
உண்டு, கொக்கிப்புழு. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடந்தால் குட்டிப்புழு பாதத்து வழியாக ஏறி, கடைசியில் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இது ரொம்ப ஆபத்து. கட்டிலுக்கு அடியில் அரிவாள் வைக்கிறவர்கள் தாராளமாக வைக்கட்டும், கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் விழுங்கட்டும். பூச்சி மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் கர்ப்பம் என்றால் எத்தனையாவது மாசம் என்று சொல்லிக் கேட்டுத்தான் வாங்கணும், முதல் மூன்று மாசத்தில் கொடுக்க மாட்டோம்.