கிளவ் பாக்ஸுக்குப் பூட்டு இருந்தால் அது பூட்டிய பெட்டி ஆகாதா?

டல்லாஸ்வாசி:
டல்லாஸிலிருந்து சான் ஹோசேவுக்குக் காரில் செல்பவர், கைத்துப்பாக்கியைக் கிளவ் பாக்ஸில், அதாவது முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையில், பூட்டி வைத்தாலும் கலிபோர்னியாவில் கைதாகலாம் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிப் பலரைக் கலங்கடித்திருக்கிறார். டெக்சஸில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வந்த நாளிலிருந்து, உரிமம் இல்லாதவர்கூடத் தம் வண்டிக்குள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள முடிகிறது. 2021 செப்டம்பருக்குப் பிறகு, 21 வயது நிறைந்து, சட்டத்தால் தடுக்கப்படாத எவரும் உரிமமின்றி அதை இடுப்பிலேயே அணியலாம். என் வண்டியின் கிளவ் பாக்ஸுக்குத் தொழிற்சாலையிலேயே பூட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு பெட்டி. அதற்குப் பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டுக்குச் சாவி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பே ஏரியா வழிப்போக்கன்:
கலங்கடித்தவன் நான்தான், ஐயா. கலிபோர்னியக் குற்றவியல் சட்டத்தின் 16850ஆம் பிரிவு, பூட்டிய பெட்டி எது என்று சொல்லும் இடத்திலேயே கிளவ் பாக்ஸைப் பெயர் சொல்லி விலக்கிவிடுகிறது. கலிபோர்னிய உரிமம் இல்லாதவர் தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும். இல்லையேல் தனியாகப் பூட்டிய ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். உங்கள் பூட்டு நல்ல பூட்டா என்பது இங்கே கேள்வியே இல்லை.

டல்லாஸ்வாசி:
அதாவது, பூட்டிய பெட்டியைப் பூட்டிய பெட்டி இல்லை என்று ஒரு மாநிலம் சொன்னால் நாமும் தலையாட்ட வேண்டும். நீங்கள் அங்கே பத்தாண்டு வாழ்ந்ததன் விளைவு தெரிகிறது. மாநிலம் விட்டு மாநிலம் செல்பவரைக் காக்க 1986ஆம் ஆண்டிலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது என்பதை யாராவது இவருக்குச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலைக்காரி:
அந்தச் சட்டத்தை நீங்கள் கடைசி வரி வரை படித்திருந்தால் இவ்வளவு தைரியமாக அதை இழுத்திருக்க மாட்டீர்கள். துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது, அதுவும் தோட்டாக்களும் பயணிகள் பகுதியிலிருந்து கைக்கு எட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் பகுதியிலிருந்து தனியாகப் பிரிந்த டிக்கி இல்லாத வண்டியானால், கிளவ் பாக்ஸோ முன் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோல் பெட்டியோ அல்லாத பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும் என்று அது முடிகிறது. நீங்கள் ஓட்டுவது எஸ்யூவி என்று போன மாதம் பெருமையாகப் படம் போட்டிருந்தீர்கள். அதில் அப்படிப் பிரிந்த டிக்கி கிடையாது. ஆகவே மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டுமே உங்கள் கிளவ் பாக்ஸைத் தள்ளி வைத்திருக்கின்றன.

அந்தப் பாதுகாப்பும் எவ்வளவு மெலிதானது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் புறப்பட்ட ஒருவர், இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியைத் தம்முடன் எடுத்துக்கொண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க்கில் ஒரு விடுதியில் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் கைதானார். விடுதியில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் மத்தியச் சட்டம் அவரைக் காக்காது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

டல்லாஸ்வாசி:
விமானத்தைத் தவறவிட்டவர் கதை எனக்கு எதற்கு? நான் காரில் போகிறேன். அவரிடம் இருந்தது கைப்பெட்டி. என்னிடம் இருப்பது பூட்டும் சாவியும் உள்ள கிளவ் பாக்ஸ். எஸ்யூவி வாங்க முடியாதவர்களின் எரிச்சலுக்கும் என்னிடம் மருந்து இல்லை.

பே ஏரியா வழிப்போக்கன்:
ஐ-10 சாலையில் நியூ மெக்சிகோ, அரிசோனா வரைக்கும் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். கொலராடோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து கலிபோர்னியாவின் பிளைத் ஊருக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. அங்குள்ள வேளாண் சோதனைச்சாவடியில் ஆரஞ்சுப் பழம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசினை மாநிலத்துக்குள் கொண்டுவருவதே தனிக் குற்றம். உங்களுடையது எத்தனை கொள்ளும்?

டல்லாஸ்வாசி:
கிளவ் பாக்ஸைப் பற்றிப் பேசத் தெம்பில்லாமல் மேகசினுக்குத் தாவிவிட்டார். மீண்டும் கேட்கிறேன்: பெட்டி, பூட்டு, சாவி. இம்மூன்றில் எது இல்லை?

விசாவில் இருப்பவன்:
டல்லாஸ் அண்ணன் சட்டம் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பழைய நினைவு வருகிறது. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். முறையாகப் பெற்ற வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தாம் உண்டு. நான் கேட்டபோது மீன்பிடி உரிமமே போதும் என்று சொன்னவர் இவர். கேட்டு நடந்திருந்தால் நான் பச்சை அட்டைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. சிறைக்குப் போய்விட்டு நேராக ஊருக்கே போயிருப்பேன்.

டல்லாஸ்வாசி:
வேட்டை உரிமம் என்றுதான் எழுதினேன். படிக்கத் தெரியாதது என் பிழை இல்லை.

விசாவில் இருப்பவன்:
மீன் என்று எழுதினீர்கள். கெண்டை மீனைத் துப்பாக்கியால் சுடுவார்களா என்று நான் அப்போதே கேட்டேன்; இரண்டு ஆண்டுகளாகப் பதில் இல்லை.

நெடுஞ்சாலைக்காரி:
மீனை விடுங்கள். டெக்சஸுக்குள்ளேயே கூடக் கிளவ் பாக்ஸ் புத்திசாலித்தனமான இடமா என்று ஒருவரும் கேட்கவில்லை. காவலர் வண்டியை நிறுத்தினால் பதிவுச் சான்றையும் காப்பீட்டுச் சீட்டையும் கேட்பார். அவற்றை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலானோர் கிளவ் பாக்ஸில்தான். காவலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துப்பாக்கி இருக்கும் பெட்டிக்குள் கையை விடப் போகிறீர்கள். 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டைல் என்பவர், உரிமம் பெற்ற துப்பாக்கி தம்மிடம் இருப்பதைத் தாமாகவே காவலரிடம் பணிவாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட காவலர் மறு ஆண்டு விடுதலையானார். கைகளை ஸ்டியரிங் மீது வைத்துக்கொண்டு, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லி, எடுக்கட்டுமா என்று கேட்ட பிறகே எதையும் எடுக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது இதற்காகத்தான். அதைவிட, காகிதங்களை வேறிடத்தில் வைத்துவிட்டால் இந்தச் சங்கடமே வராது.

இன்னொன்றும் உண்டு. கிளவ் பாக்ஸின் பூட்டு ஒரு திருப்புளிக்குத் தாங்காது. கண்ணாடியை உடைக்கும் திருடன் முதலில் கை வைப்பதும் அங்கேதான். இரவில் துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு, பின்கண்ணாடியில் துப்பாக்கி நிறுவனத்தின் ஸ்டிக்கரையும் ஒட்டி வைப்பவர்களை என்னவென்று சொல்வது?

டல்லாஸ்வாசி:
என் வண்டியின் ஸ்டிக்கரைக் குறித்துத்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. அது என் உரிமை. திருப்புளிக்குத் தாங்காத பூட்டும் பூட்டுதான் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், நன்றி.

பே ஏரியா வழிப்போக்கன்:
தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நான்காவது காலைக் காட்டி என்ன பயன்? முப்பது டாலருக்கு எண்பூட்டு வைத்த சிறிய இரும்புப் பெட்டி கிடைக்கிறது. அதை வாங்குவதற்கு மூன்று நாளாக இவர் செய்யும் வாதத்தைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

டல்லாஸ்வாசி:
காசு கொடுத்து வாங்கிய வண்டியில் பெட்டி இருக்கும்போது எதற்கு இன்னொரு பெட்டி? நாளைக் காலை புறப்படுகிறேன். பதிவுச் சான்றையும் காப்பீட்டுச் சீட்டையும் இன்று மாலை முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பான சன் வைசருக்கு மாற்றிவிட்டேன். கிளவ் பாக்ஸில் இடம் போதவில்லை என்பதால் மட்டுமே மாற்றினேன். வேறு யாரும் சொன்னதற்காக இல்லை.

விசாவில் இருப்பவன்:
மீன்பிடி உரிமத்தையும் சன் வைசரில் வைத்துவிட்டீர்களா, அண்ணா?