மாலத்தீவு ரிசார்ட் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கலாமா?

பெரம்பூர்வாசி:
தம்பி மாலத்தீவில் ஒரு ரிசார்ட் கிச்சனில் வேலை பார்க்கிறான். மாதவரம் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம், இருபது வருடக் கடன், அவன் சம்பளத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். கடல் மட்டம் உயர்ந்தால் நாடே மூழ்கிவிடும் என்று உலகத்துக்குக் காட்ட 2009இல் அந்த நாட்டு அமைச்சரவையே கடலுக்கடியில் உட்கார்ந்து கூட்டம் போட்டதே, அந்தப் படம் அவர் மனதில் அப்படியே நிற்கிறது. "மூழ்கப்போற தீவை நம்பியா கடன்?" என்கிறார். இதில் விஷயம் இருக்கிறதா, வெறும் பயமா?

பழைய டைவர்:
அங்கே டைவ் சென்டரில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் கடன் கட்டி முடிக்கிற காலத்துக்குள் தீவு மூழ்காது. ஆனால் பவளப்பாறைக்கு இப்போதே அடி விழுகிறது. 1998, 2016, அப்புறம் 2024 என்று கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. வெளுத்த பாறையைப் பார்க்க யார் அவ்வளவு காசு கொடுத்து வருவார்கள்? அந்த வெள்ளை மணலே பவளத்திலிருந்து வருவதுதான், கிளிமீன் பாறையைக் கொறித்துத் தின்று மணலாகக் கழிக்கும். பாறை செத்தால் புது மணலும் குறையும், அலையைத் தடுக்கவும் ஒன்றும் இருக்காது. பிறகு பம்பு வைத்து மணல் இறை, மூட்டை அடுக்கு என்று செலவு ஏறிக்கொண்டே போகும், குடிதண்ணீருக்கே அங்கே டீசல் எரித்துக் கடல்நீரைச் சுத்திகரிக்கிறார்கள். தம்பி கையில் வாங்குவதில் பேசிக் எவ்வளவு, சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்பது விருந்தினர் பில்லில் சேர்த்து வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, அறை நிரம்பினால்தான் அது வரும். பேசிக்கில் இஎம்ஐ அடங்கினால் தைரியமாக வாங்கலாம்.

மலைக்காற்று:
சூடு ஏறினால் டூரிஸம் படுத்துவிடும் என்று சொல்ல முடியாது சார். 2024 ஏப்ரலில் ஊட்டியிலேயே 29 டிகிரி, ஆனாலும் சென்னை வெயிலுக்குத் தப்பி எல்லோரும் அங்கேதான் ஓடினோம், கடைசியில் உயர்நீதிமன்றம் சொல்லி மே மாதம் இ-பாஸ் வந்தது. மாமா அங்கே காட்டேஜ் நடத்துகிறார், கூட்டம் வந்தால் தண்ணீர் லாரிக்கு அழுகிறார், கூட்டத்தைத் தடுத்தால் புக்கிங்குக்கு அழுகிறார்.

பழைய டைவர்:
ஊட்டிக்குத் தேயிலை இருக்கிறது, கேரட் இருக்கிறது. மாலத்தீவுக்கு டூரிஸத்தை விட்டால் சூரை மீன்தான்.

பெரம்பூர்வாசி:
கேட்டேன், பேசிக் பாதிகூட இல்லையாம். சின்ன ஃபிளாட்டாகப் பார்க்கச் சொல்லிவிட்டேன். கிளிமீன் கதையை மட்டும் அப்பா நம்பவே இல்லை, வீடியோ லிங்க் ஏதாவது இருந்தால் போடுங்கள்.