ஒளித்தட்டா, ஒளிர்முகமா? மானி முகப்புக்கு ஒரு சொல்

வணக்கம்.

காரின் டாஷ்போர்டில் உள்ள மானிகளின் மேல், இரவில் தானே ஒளிரும் தாள்களை வாங்கிப் பொருத்துகிறார்களே, அந்த வேலையைத் தமிழில் படிப்படியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு "பின்சந்தை ஒளியூட்டப்பட்ட அளவி முகப்புகள்" என்று வைத்திருக்கிறேன். எழுதும்போதே வாய் வலிக்கிறது. அந்தத் தாளுக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒரு சொல் வேண்டும். அப்புறம், வண்டி நிற்கும்போது முள் சாய்ந்து நிற்கிறதே ஒரு குட்டிக் கம்பி, அதற்குத் "தடுப்பூசி" என்று போட்டிருக்கிறேன். சரியா?

———

தம்பி, ஒளித்தட்டு என்று வைத்துவிடுங்கள். சின்னச் சொல், சட்டென்று புரியும். இன்வெர்ட்டர் = மின்மாற்றி. டாஷ்போர்டுக்கு முகப்புப் பலகை.

———

இருவருக்கும் வணக்கம்.

தடுப்பூசியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன், மன்னிக்கவும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இந்த வேலையை ஒருமுறை என் கையால் செய்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது விசிட்டிங் கார்டு கனத்தில் ஒரு தாள். முள்ளின் அச்சு நுழைய ஓட்டைகள், ஓடிய தூரம் தெரிய ஒரு சன்னல், எண்கள் அச்சிட்ட முன்பக்கம், ஓரத்தில் வால் மாதிரி நீளும் மெல்லிய மின்பட்டை, அவ்வளவுதான். பல்பு கிடையாது, இழை கிடையாது, சூடும் ஏறக்குறைய இல்லை. தாளுக்குள் இரண்டு மின்கடத்திப் படலங்கள். முன்னால் இருப்பது ஒளி ஊடுருவக்கூடியது. இரண்டுக்கும் நடுவே செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடு போன்ற ஒரு பொடி. மாறுமின்னோட்டம் கொடுத்தால் அந்தப் பொடியே ஒளிர்கிறது. மின்னொளிர்வு என்று சொல்லலாம்.

கார் தயாரிப்பாளர் கொடுக்கும் வழக்கமான மானி பெரும்பாலும் அப்படி அல்ல. பின்னாலோ ஓரத்திலோ விளக்கு எரியும், எண்கள் வழியாக வெளிச்சம் கசியும். அதற்கு "ஒளியூட்டப்பட்ட" என்பது பொருந்தும், ஏனென்றால் ஒளியை வேறொன்று ஊட்டுகிறது. நம் தாளுக்கு யாரும் ஊட்டவில்லை. ஒளியூட்டு பிறவினை, ஒளிர் தன்வினை. இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் தனிச்சொல்லே தேவைப்படுகிறது. அதைச் சொல்லாத சொல்லை வைத்தால், பின்னால் எல்இடி மாற்றும் வேலைக்கும் இதற்கும் வாசகருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒளித்தட்டு என்று ஐயா சொன்னதில் எனக்கு மூன்று இடைஞ்சல்கள். குறுவட்டையும் சிலர் ஒளித்தட்டு என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது, தமிழில் ஒளி என்றால் வெளிச்சமும்தான், மறைத்து வைப்பதும்தான். ஒளித்த தட்டைத் தேடுகிற வேலை நமக்கு வேண்டாம். மூன்றாவது, இதில் ஒளி பெயர்ச்சொல். ஒளிக்கும் தட்டுக்கும் ஏதோ தொடர்பு என்று மட்டும் சொல்கிறது, தட்டு என்ன செய்கிறது என்று சொல்லவில்லை.

வினைத்தொகையாக வைத்தால் அது தீர்கிறது. எரிபொருள், சுடுநீர், ஊறுகாய் வரிசையில் ஒளிர்தட்டு. ஆனால் வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதை மறந்து பாதிப் பேர் "ஒளிர்த்தட்டு" என்று எழுதுவார்கள், மீதிப் பேர் திருத்துவார்கள், ஆண்டுக்கணக்கில் சண்டை நடக்கும். ஒளிர்முகம் என்றால் அந்தத் தொல்லையே இல்லை. இன்னொரு சின்ன மகிழ்ச்சியும் உண்டு: வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவானது. இந்தத் தாள்கள் எரிய எரிய மங்கிக்கொண்டே போகும். ஒளிரும் முகம், சில ஆண்டுகளில் ஒளிர்ந்த முகம், இரண்டும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடும்!

ஏன் முகப்பு இல்லை, முகம்? ஐயா டாஷ்போர்டை முகப்புப் பலகை என்கிறார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "முகப்புப் பலகையின் சட்டத்தைக் கழற்றி முகப்பின் மேல் முகப்பை வைக்கவும்." திருப்புளியும் கையுமாக நிற்பவர் என்ன செய்வார்? டாஷ்போர்டை டாஷ்போர்டு என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

மானி என்ற சொல்லையும் உள்ளே சேர்த்து "ஒளிர்மானி முகம்" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஒளிமானி ஏற்கெனவே ஒளியை அளக்கும் கருவியின் பெயர். ஓர் எழுத்து வேறுபாட்டில் கருவியே மாறிப்போகும். தேவைப்படும் இடத்தில் "மானியின் ஒளிர்முகம்" என்று பிரித்து எழுதலாம்.

ஆஃப்டர்மார்க்கெட் என்பதற்குப் பின்சந்தையா? சந்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, குப்பைமேடா? சொல்லுக்கு இந்த ஒட்டே தேவையில்லை. 1960இலேயே கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் மின்னொளிர்வு மானிகளைத் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறது. யார் பொருத்தினாலும் பொருள் ஒன்றுதான். கட்டுரையில் ஒருமுறை "தனியே வாங்கிப் பொருத்தும் ஒளிர்முகம்" என்று சொன்னால் போதும். இண்டிகுளோ என்று சொல்லித் தேடுபவர்களும் உண்டு. அது டைமெக்ஸ் தன் கைக்கடிகார விளக்குக்கு 1992இல் கொண்டுவந்த வணிகப்பெயர். ஓரிடத்தில் குறிப்பிடுங்கள், கலைச்சொல்லாக்க வேண்டாம்.

மின்மாற்றி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்விட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது. இன்வெர்ட்டர் அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் மின்வெட்டுக்கு வீட்டில் வைக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதனால் முதல் முறை வரும்போது, "காரின் 12 வோல்ட் நேர்மின்னை ஏறத்தாழ 100 வோல்ட் மாறுமின்னாக மாற்றும் சின்னப் பெட்டி" என்று விளக்கிவிடுங்கள். அந்த 100 வோல்ட்டைச் சொல்வது சொல்லாய்வுக்காக மட்டும் அல்ல. இணைப்பைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும்.

இனி தடுப்பூசி. அது ஊசி இல்லை, முளை. மாட்டைக் கட்ட அறைகிறோமே, அது. முள்ளைப் பூச்சியத்துக்குக் கீழே போகவிடாமல் நிறுத்துவதால் நிறுத்துமுளை. இந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் சொந்த வலியும் இருக்கிறது. பழைய வகை மானிகளில், முளை இல்லாவிட்டால் முள் இன்னும் கீழே இறங்கித்தான் ஓயும். கழற்றும் முன் முள்ளை முளைக்கு மேலாக மெல்லத் தூக்கி, கீழே விட்டு, ஓயும் இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். நான் குறிக்கவில்லை. ஒளிர்முகத்தை மாட்டிவிட்டு முள்ளைப் பூச்சியத்திலேயே செருகினேன். அதற்கப்புறம் கூட வரும் வண்டிகளை எல்லாம் முந்துகிற மாதிரி மானி காட்டும், அவையோ என்னை முந்திப் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

———

ஐயா, மிக்க நன்றி. திருத்தி எழுதிப் பார்த்தேன்:

"பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். மானித் தொகுதியை வெளியே எடுத்து, மேலுள்ள கண்ணாடியை நீக்குங்கள். முள்ளைப் பிடுங்குங்கள். நிறுத்துமுளைக்கு மேலாகத் தூக்கி, ஓயும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிர்முகத்தைப் பழைய முகத்தின் மேல் படியவைத்து, மின்பட்டையை இன்வெர்ட்டருடன் இணையுங்கள். இன்வெர்ட்டரின் உள்ளீட்டைப் பார்க்கிங் விளக்குக் கம்பியில் இணைத்தால், விளக்கைப் போடும்போது ஒளிர்முகமும் எரியும்."

பழைய முகத்துக்கு "இயல்முகம்" என்று பெயர் வைக்கலாமா?

———

வேண்டாம், பழைய முகம் என்பதே போதும். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தால் தொட்டில் போதாது.

முள்ளைப் பிடுங்கிய பிறகு எதைத் தூக்கி, எதைக் குறிப்பது? அந்த இரண்டு வாக்கியங்களும் இடம் மாற வேண்டும். பிடுங்குவது காலில் தைத்த முள்ளை. இங்கே "இருபுறமும் சமமாக நெம்பிக் கழற்றுங்கள்". சில ஒளிர்முகங்களில் ஓட்டையிலிருந்து ஓரம் வரை ஒரு வெட்டு இருக்கும், முள்ளைக் கழற்றாமலே கீழே நுழைத்துவிடலாம். அதை முதலிலேயே சொல்லுங்கள். "எரியும்" என்பதையும் "ஒளிரும்" என்று மாற்றிவிடுங்கள். ஒளிர்முகம் எரிகிறது என்று படித்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்கள்.