சிவப்புக் காது ஆமைக்குக் கண் வீக்கம், ஓடும் மெத்துன்னு இருக்கு

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு):
ஓடு 8 செ.மீ. நீளம். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கு, ஓட்டை அழுத்தினா அமுங்குது. தீனி காய்ந்த இறால் மட்டும். தொட்டியில் ஜன்னல் கண்ணாடி வழியா வெயில் படும். ஹீட்டர் வாங்கணுமா?

பதில் 1:
ஹீட்டரை விடுங்க அண்ணே, பினாங்கு சூட்டுக்குத் தேவையில்லை. ஏசி அறைன்னா மட்டும் யோசிங்க. வெயிலில் இருக்கிற யுவிபி (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துடும். வெளிச்சம் வரும், பலன் வராது. யுவிபி இல்லாட்டி வைட்டமின் டி3 உருவாகாது, கல்சியம் உடம்பில் சேராது, ஓடு மெத்தாகும். தண்ணிக்கு வெளியே ஏறிக் காயக் கல் வைங்க. அதுக்கு மேல் சுமார் 25 செ.மீ. உயரத்தில் "5.0"ன்னு குறிச்ச யுவிபி குழல் விளக்கு, தினம் 10–12 மணி நேரம். எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் கதிர் குறைஞ்சுடும், வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க.

பதில் 2:
கண் வீக்கத்துக்குப் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவுதான் காரணம். அழுக்குத் தண்ணி அதை மோசமாக்கும். இறாலை நிறுத்திட்டு ஆமை பெல்லட், துருவின கேரட், கணவாய் ஓடு கொடுங்க. வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களா ஊத்தாதீங்க, அளவு மிஞ்சினா தோல் உரியும். கண் மூடியிருந்தா தீனி தெரியாது, பட்டினி கிடக்கும். ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்க.

பதில் 3:
ஒரு பக்கம் சாய்ஞ்சு நீந்துதா, மூக்கில் குமிழி வருதா? அப்படின்னா நுரையீரல் தொற்றா இருக்கலாம், நாளைக்கே கிளம்புங்க. தொட்டியைச் சமையல் சிங்க்கில் கழுவாதீங்க, வயித்துப்போக்கு தர்ற சால்மோனெல்லா கிருமி ஒட்டும்.