மே, ஜூன் ஆடிட்டர் ஆபீஸ் இன்டர்ன்ஷிப்: என்ன வேலை வரும், எதுல தப்பு வரும்?

நொய்யல்_மாணவன் (கேள்வி)

பி.காம். இரண்டாம் வருஷம் முடியுது. திருப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல மே, ஜூன் ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. அவங்க கிளையண்ட் பெரும்பாலும் பனியன் கம்பெனி, ஜாப் ஒர்க் யூனிட் (மத்த கம்பெனிக்குக் கூலிக்கு வேலை செஞ்சு கொடுக்கிறவங்க), கொஞ்சம் கடைகள். 2025-26 கணக்கு முடிக்கிற வேலைதான் இருக்கும்னு சொன்னாங்க. டேலி பிரைம் (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) காலேஜ்ல படிச்சிருக்கேன், ஆனா பாடத்துல வர்ற கணக்கெல்லாம் கடைசியில சரியா வந்துடும். நிஜ பில் கையில கொடுத்தா எங்கே ஆரம்பிக்கணும்? இந்த ரெண்டு மாசம் சி.ஏ. ஆர்ட்டிகள்ஷிப்ல (சி.ஏ. ஆகறதுக்குக் கட்டாயமா செய்ய வேண்டிய பயிற்சி) கழியுமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கணக்கர்33

முதல் வாரம் கொள்முதல் பில் கட்டும் பேங்க் ஸ்டேட்மெண்டும்தான் வரும். இதைச் சில்லறை வேலை என்று நினைக்காதீங்க. பின்னால் வருகிற எல்லாக் குழப்பமும் இந்த இரண்டில்தான் பிறக்கிறது.

பில்லை எடுத்ததும் தொகையைப் பார்க்கும் முன் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்க. 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29, புதுச்சேரி 34. அடுத்த பத்து பான் எண். விற்பவர் 33, சரக்கு நம் மாநிலத்துக்குள்ளேயே வந்தது என்றால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) இரண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. இதில் ஆட்கள் தடுமாறுவது ஓட்டல் பில்லில்தான். முதலாளி பெங்களூரில் தங்கிய அறைக்குக் கர்நாடக எஸ்ஜிஎஸ்டி போட்டிருப்பாங்க. அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவு எடுக்க (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள) முடியாது, முழுத் தொகையும் செலவுக்கே போகும்.

டேலியில் எஃப்9 போட்டுக் கொள்முதல் வவுச்சர் திறக்கும்போது, சப்ளையர் இன்வாய்ஸ் எண்ணைப் பில்லில் இருக்கிறபடியே அடிக்கணும். 'கே/412/25-26' என்று இருந்தால் அப்படியே. வெறும் 412 என்று அடித்துவிட்டால் பிறகு ஜிஎஸ்டிஆர்-2பியோடு (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் பட்டியல்) ஒப்பிடும்போது எக்செல் இரண்டையும் வேறு பில்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். இருநூறு பில்லில் இப்படி முப்பது இருந்தால் ஒரு நாள் வேலை போச்சு. தேதியும் அதே மாதிரி: பில் தேதி ஒன்று, சரக்கு வந்த தேதி ஒன்று. மார்ச் 30 தேதி பில்லுக்குச் சரக்கு ஏப்ரலில் வந்திருந்தால் எழுதிவிட்டுப் போகாமல் தனியாக எடுத்து வைங்க. இருப்புச் சரக்குக் கணக்கோடு சேர்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும்.

இந்த வருஷக் கணக்கில் இன்னொரு கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதம் மாறியது. சிமெண்ட், ஏசி மாதிரிப் பொருள்கள் 28-லிருந்து 18-க்கு வந்தன. 12 சதவீதத்தில் இருந்த பெரும்பாலானவை 5-க்கு இறங்கின. ஒரே பொருள், ஒரே கடை, இரண்டு விகிதம். ஐட்டத்தில் டேலி காட்டுகிற விகிதத்தை நம்பாமல் பில்லில் உள்ள வரியைத்தான் பார்க்கணும்.

பேங்க் ஸ்டேட்மெண்டுக்கு வந்தால், முதலில் ஆரம்ப இருப்பு போன வருஷ பேலன்ஸ் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா, அப்போது பாஸ் ஆகாமல் நின்ற செக் எவை என்று பாருங்க. அது ஒத்துப்போகாமல் உள்ளே நுழைந்தால் கடைசி வரை இழுக்கும். கடைக்காரர்களுடைய ஸ்டேட்மெண்டில் ஸ்வைப் மிஷின் பணம் கமிஷன் கழித்து வரும். வந்த தொகையை மட்டும் வரவு வைத்தால் விற்பனை குறைந்து நிற்கும். முழுத் தொகையை வரவு வைத்து, கமிஷனையும் அதன் ஜிஎஸ்டியையும் தனியாகப் பிரிக்கணும். டெபாசிட் வட்டியும் அப்படியே. டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக மீதியைத்தான் வங்கி வரவு வைக்கும், 26ஏஎஸ் என்ற வருமான வரித்துறை வரிப்பிடித்த விவரத்தாளில் முழு வட்டி இருக்கும். முழு வட்டியை வருமானத்திலும் பிடித்ததை டிடிஎஸ் வரவு லெட்ஜரிலும் எழுதணும்.

ஏதாவது வித்தியாசம் வந்தால் அந்தத் தொகையை 9-ஆல் வகுத்துப் பாருங்க. மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,400-ஐ 4,500 என்று அடித்தால் வித்தியாசம் 900. அது இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுங்க. பற்று, வரவு திருப்பி எழுதியது அதில் மாட்டும்.

பற்றுவரவு

மேலே சொன்னது எல்லாம் சரி. திருப்பூர் என்பதால் டிடிஎஸ் பற்றிச் சேர்த்துச் சொல்கிறேன் தம்பி. மே மாதம் ஆடிட்டர் ஆபீசில் 24க்யூ (சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ்), 26க்யூ (மற்றப் பணத்தில் பிடித்த டிடிஎஸ்) படிவங்கள்தான் பெரிய வேலை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு மே 31 கடைசித் தேதி. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய், வரித்தொகை அளவு வரை ஏறும். உங்களிடம் வருவது ஜாப் ஒர்க் பில்களைப் பார்ட்டி வாரியாகப் பிரிக்கிற வேலையாக இருக்கும்.

நிட்டிங் பில் 1,20,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் 6,000, மொத்தம் 1,26,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் 1,20,000-க்கு மட்டும்தான் டிடிஎஸ். 1,26,000-க்குப் பிடிப்பது அடிக்கடி நடக்கிற தவறு. எத்தனை சதவீதம் என்பதற்குப் பானின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். பி என்றால் தனிநபர், எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். இவர்களுக்கு 1 சதவீதம், அதாவது 1,200. எஃப் கூட்டு நிறுவனம், சி கம்பெனி. இவர்களுக்கு 2 சதவீதம், 2,400. பெயர்ப் பலகையில் 'டெக்ஸ்' என்றோ 'நிட்ஸ்' என்றோ இருப்பதை வைத்து ஊகிக்கக் கூடாது, தனி ஆள் நடத்துகிற யூனிட்டுக்கும் அப்படித்தான் பெயர் இருக்கும். பான் ஓர் எழுத்து தப்பாக அடித்தாலும் 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிடும்.

டிடிஎஸ் பிடிக்க வேண்டிய வரம்பு: ஒரே பில் 30,000-க்கு மேல், அல்லது வருஷம் முழுக்கச் சேர்த்து 1,00,000-க்கு மேல். இரண்டாவதுதான் நழுவும். செக்கிங், அயர்னிங் யூனிட் மாதம் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் என்று பில் போடும். தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் பிடிக்க வேண்டியதில்லை. ஜனவரி வாக்கில் லட்சத்தைத் தாண்டியதும் ஏப்ரலிலிருந்து உள்ள எல்லா பில்லுக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். லெட்ஜரை வருஷ மொத்தத்தின்படி வரிசைப்படுத்தி, லட்சத்துக்கு மேல் போயும் டிடிஎஸ் இல்லாத பெயர்களைக் குறித்துக் கொடுத்தால் சீனியருக்குப் பாதி பாரம் குறையும்.

கேஷ் புக் கொடுத்தால் மாதக் கடைசி இருப்பை மட்டும் பார்க்காதீர்கள், தினசரி இருப்பைப் பாருங்கள். நடுவில் ஒரு நாள் மைனஸ் போயிருந்தால் வங்கியில் பணம் எடுத்த என்ட்ரி தள்ளிப் போயிருக்கும், அல்லது ரொக்க விற்பனை விட்டுப்போயிருக்கும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு இருந்தால் அதையும் குறியுங்கள், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். லாரி வாடகைக்கு மட்டும் அந்த வரம்பு 35,000.

பிரிவு எண் பற்றி ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருஷத்துப் புது வருமான வரிச் சட்டம் நடப்பில் உள்ளது. நீங்கள் முடிக்கப் போகிற 2025-26 கணக்கு 1961 சட்டப்படிதான். ஏப்ரல், மே மாதத்து டிடிஎஸ் வேலையும் அதே மேசையில் கிடக்கும், அதில் பிரிவு எண்கள் வேறு. எந்த மாதத்துப் பில் என்று பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

நொய்யல்_மாணவன்

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பேங்க்ல ஒரு தொகை போயிருக்கு, பில் இல்ல, யாருக்குன்னும் தெரியல. சஸ்பென்ஸ்ல (விவரம் தெரியாத தொகையை தற்காலிகமா வைக்கிற கணக்கு) போட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாமா? ஒவ்வொண்ணுக்கும் சீனியரைக் கேட்டா எரிச்சல்படுவாங்களோன்னு இருக்கு. காலேஜுக்கு ரிப்போர்ட்டும் கொடுக்கணும்.

தணிக்கை_மேசை

சஸ்பென்ஸில் போடுங்கள், ஆனால் பட்டியல் இல்லாமல் போடாதீர்கள். எக்செலில் ஒரு தாள்: தேதி, தொகை, ஸ்டேட்மெண்டில் உள்ள விவரம், யாரிடம் கேட்க வேண்டும், கிடைத்த பதில். கடைசி நெடுவரிசையில் உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள்: 'போன மாதமும் 5-ஆம் தேதி இதே தொகை போயிருக்கிறது, வாடகையாக இருக்கலாம்.' அதைச் சாயந்திரம் ஒரு தடவை சீனியரிடம் காட்டுங்கள். இருபது கேள்விக்கு இருபது தடவை எழுந்து போனால்தான் எரிச்சல் வரும். கிளையண்ட் கம்பெனியின் அக்கவுண்டண்டிடம் போனில் கேட்கச் சொன்னால் தேதியையும் தொகையையும் சொல்லிக் கேளுங்கள், 'அந்தப் பெரிய பேமெண்ட்' என்றால் அவருக்கு விளங்காது. என் பார்வையில் ஓர் இன்டர்னின் தரம் இந்தத் தாளில் தெரிந்துவிடும். எத்தனை வவுச்சர் அடித்தார் என்பது அடுத்த விஷயம்.

மிஷின் வாங்கிய பில் செலவுக் கட்டில் கலந்து வரும், தனியே எடுங்கள். அதில் பில் தேதியோடு மிஷின் ஓட ஆரம்பித்த தேதியும் வேண்டும். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் தேய்மானம் பாதிதான்: 15 சதவீதத்துக்குப் பதில் ஏழரை.

ஆர்ட்டிகள்ஷிப் கேள்வி விட்டுப்போயிருக்கிறது. கழியாது. சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வின் இரண்டு குரூப்பும் தேறி, சி.ஏ. இன்ஸ்டிடியூட்டில் பதிவு செய்த பிறகுதான் அந்த இரண்டு வருஷம் ஓட ஆரம்பிக்கும். பி.காம்.-ல் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் தேர்வை எழுதாமல் இன்டர்மீடியட்டுக்குப் போகலாம், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ரிப்போர்ட்டில் கிளையண்ட் பெயர், ஜிஎஸ்டி எண், லாபத் தொகை எதுவும் வரக்கூடாது. ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், கறுப்படித்தாலும் ஏதாவது ஒரு மூலையில் பெயர் தப்பி நிற்கும். 'நிட்டிங் யூனிட் அ' என்று எழுதி, 2பி ஒப்பீட்டை எப்படிச் செய்தீர்கள், என்ன வகை வித்தியாசம் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எழுதுங்கள். கிளையண்டுடைய போர்ட்டல் பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் உங்கள் போனில் சேமிக்காதீர்கள். பென் டிரைவில் டேலி டேட்டாவை வீட்டுக்கு எடுத்துப் போக யார் சொன்னாலும் ஆடிட்டரிடம் நேரில் கேட்காமல் செய்யாதீர்கள்.

சர்டிபிகேட்டுக்குக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஜூலை ரிட்டர்ன் நெருக்கடி ஜூன் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும், ஆடிட்டர் கையெழுத்துக்கு உட்கார நேரம் இருக்காது. சேர்ந்த தேதி, முடியும் தேதி, மொத்த மணிநேரம், பார்த்த வேலை, ஆடிட்டரின் மெம்பர்ஷிப் எண் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். காலேஜ் கேட்கிற மாதிரிப் படிவம் இருந்தால் ஜூன் முதல் வாரத்திலேயே ஆபீசில் கொடுத்து வையுங்கள்.