கிராஸ்மன் போட்ட கையெழுத்து: மன்னிக்கலாமா?

கரிசல்காரன்:
சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனை, ஸ்டாலினை எதிர்த்து நின்ற தீரராகவே இங்கே பலரும் கொண்டாடுகிறீர்கள். ஒரு சங்கதியை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். 1953 தொடக்கத்தில், சோவியத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக மருத்துவர்கள் சிலர்மேல் பொய்வழக்குப் போட்டார்கள். பெரும்பாலும் யூதர்கள். அவர்களைக் கடுமையாகத் தண்டிக்கச் சொன்ன கூட்டுக் கடிதத்தில் கிராஸ்மனும் கையெழுத்துப் போட்டார். இத்தனைக்கும் அவரும் யூதர். இதற்கு என்ன பதில்?

திண்ணைவாசகி:
போட்டார், மறுக்கவில்லை. சிலரைக் கைவிட்டால் மொத்த இனமும் தப்பும் என்று அந்த நேரத்தில் நினைத்துவிட்டார். அவ்வளவு செய்தும் பிப்ரவரியில் கட்சிப் பத்திரிகை 'பிராவ்தா' அவருடைய ஸ்டாலின்கிராட் நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டது. மார்ச்சில் ஸ்டாலின் சாகாமல் இருந்திருந்தால் இவர் கதி என்ன?

கரிசல்காரன்:
பயந்துவிட்டார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தியாகக் கணக்கெல்லாம் வேண்டாம். அப்புறம், போர் முழுக்க அவர் ராணுவப் பத்திரிகையான 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா'வின் நிருபர். ஜெர்மனியில் செம்படையினர் பெண்களுக்குச் செய்த கொடுமை அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. பத்திரிகையில் ஒரு வரி வந்ததா?

நடுப்பக்கம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிராஸ்மனைச் சிலர் உக்ரைனிய எழுத்தாளர் என்கிறார்கள். ரஷ்ய மொழியில் எழுதியவரை அப்படிச் சொல்வது சரிதானா?

திண்ணைவாசகி:
@நடுப்பக்கம் 1905ல் உக்ரைனின் பெர்திச்சிவ் ஊரில் பிறந்தவர். வேதியியல் படித்துவிட்டு கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1932-33 பஞ்சத்தில் உக்ரைன் கிராமங்கள் செத்ததைக் கடைசி நாவலில் எழுதியவர். ரஷ்யாக்காரர்களும் யூதர்களும்கூட அவரை எங்கள் ஆள் என்பார்கள். எனக்கு அவர் பெர்திச்சிவ்காரர்.

@கரிசல்காரன் எழுதிக் கொடுத்தால் மட்டும் போட்டிருப்பார்களா? 1943ல் 'யூதர்கள் இல்லாத உக்ரைன்' என்று எழுதினார். அவருடைய பத்திரிகையே அதைப் போடவில்லை, யூதர்கள் பேசும் யித்திஷ் மொழிப் பத்திரிகை ஒன்றில்தான் வந்தது. அடுத்த ஆண்டு, போலந்தில் நாஜிகள் நடத்திய டிரெப்ளிங்கா வதைமுகாம் பற்றி அவர் எழுதியது, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் விசாரணைவரை போனது.

பழையஅச்சு:
அந்த டிரெப்ளிங்கா கட்டுரையில் பிழையும் உண்டு. ரயில், பெட்டி, பெட்டிக்கு இத்தனை பேர் என்று பெருக்கி, செத்தவர்கள் 30 லட்சம் என்றார். இன்றைய ஆய்வாளர்கள் 7 முதல் 9 லட்சம் வரை சொல்கிறார்கள். ஆனால் கணக்கில் தவறிய அதே ஆள் கண்ணால் பார்த்ததில் தவறவில்லை. தடயத்தை மறைக்க நாஜிகள் உழுது விதைத்துவிட்டுப் போன நிலம். அந்த மண் எலும்புத் துணுக்கையும் பல்லையும் குழந்தைகளின் சப்பாத்தையும் திரும்ப வெளியே தள்ளுகிறது என்று எழுதியிருப்பார். படித்து வருஷங்களாகியும் அந்த இடம் எனக்கு மறக்கவில்லை.

கரிசல்காரன்:
எழுத்து பெரிது, ஐயா. நான் கேட்டது கையெழுத்தைப் பற்றி.

திண்ணைவாசகி:
அதற்கு அவரே பதில் எழுதியிருக்கிறார். 'வாழ்வும் விதியும்' நாவலில் வரும் இயற்பியலாளர் ஷ்ட்ரும், எல்லோரும் ஒதுக்கியபோது பணியாமல் நிற்கிறார். பிறகு ஸ்டாலினே தொலைபேசியில் பேச, எல்லா வசதியும் திரும்ப வருகிறது. அந்த நேரம் பார்த்து, அப்பாவிகளைக் குற்றம் சாட்டும் ஒரு கடிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டுகிறார்கள். அவருக்கு மனசில்லை, ஆனாலும் போட்டுவிடுகிறார். கிடைத்ததை இழக்கும் பயம். பிறகு குறுகிப்போகிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர் இப்படியா எழுதுவார்?

அதே நாவலைத்தான் 1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபி வாரிக்கொண்டு போனது. தட்டச்சு ரிப்பன், கார்பன் தாள்கூட மிச்சமில்லை. நண்பர் லிப்கின் ஒளித்துவைத்த பிரதி தப்பியது. 1964ல் இவர் வயிற்றுப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார், புத்தகம் 1980ல்தான் சுவிட்சர்லாந்தில் வந்தது.

ஷ்ட்ருமின் தாய், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவிலிருந்து கடைசிக் கடிதம் எழுதுவாரே, அது கற்பனை மட்டுமில்லை. கிராஸ்மனின் அம்மாவை 1941 செப்டம்பரில் பெர்திச்சிவில் சுட்டுக் கொன்றார்கள். முன்பே மாஸ்கோவுக்குக் கூட்டி வரவில்லையே என்று கடைசிவரை குமைந்தார். செத்துப்போன அம்மாவுக்கு 1950லும் 1961லும் கடிதம் எழுதினார்.

கரிசல்காரன்:
அம்மா கடிதத்தை நானும் படித்திருக்கிறேன். ஷ்ட்ரும் கையெழுத்துப் போடும் இடத்தை நான் வேகமாகக் கடந்துவிட்டேன் போல, மறுபடி படிக்கிறேன். ஆனால் ஒன்று. அந்த மருத்துவர்கள் ஏப்ரலில் வெளியே வந்தது ஸ்டாலின் செத்ததால். கிராஸ்மன் கூனிக் குறுகியதால் இல்லை.