புதுப்பிப்பு: மான்டி கார்லோ செடி பிடிச்சிருச்சுங்க (கோயமுத்தூர், 2 அடி மீன் தொட்டி)

மூணு கல்லு மட்டும் வெச்ச தொட்டில முன்பக்கம் பூரா மான்டி கார்லோ (தண்ணிக்கடியில புல்தரை மாதிரி படர்ற குட்டிச் செடி) படரணும், ஆனா நட்டதெல்லாம் இலை அழுகிக் கரையுதேன்னு போன தடவை கேட்டிருந்தேனுங்க. பாதிப் பேரு "பிடுங்கிட்டு வேற செடி நடுங்க"ன்னீங்க. பிடுங்கலை. நர்சரில தண்ணிக்கு வெளிய வளர்ந்த இலை, முங்குனதும் கரையறது சகஜம்தான். கணு பச்சையா இருந்தா புது இலை வரும்; வந்திருச்சு.

நடும்போது வேரைச் சுத்தியிருக்கற நர்சரிப் பஞ்சைச் சுத்தமா எடுத்துட்டு, சின்னச் சின்னக் கொத்தாப் பிரிச்சு, நாத்து நடற மாதிரி இடைவெளி விட்டு ஊனுனேன். செடிக்காகத் தண்ணில விடற கார்பன் டை ஆக்சைடு வாயு, விளக்குக்கு 1 மணி நேரம் முன்னாடியே ஓட ஆரம்பிக்குது. விளக்கு 7 மணி நேரம்தான், அதுக்கு மேல எரிஞ்சா பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

தண்ணி சிறுவாணி. உப்புப் போர் தண்ணிய விட இது எவ்வளவோ மேல். தொட்டில வைக்கற கல்லுல வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்புக்கல், தண்ணியக் கடினமாக்கிரும்.

சித்திரை வெயில்தான் இனிப் பயம். தண்ணி சூடானா வாயு கரையறது குறையும், அதனால மேல சின்ன ஃபேன் மாட்டியாச்சு.

இறால் எப்ப விடலாம்னு கேட்ட ஈரோட்டுத் தம்பி, வேர் இறங்கி, செடிய முதல் தடவை கத்தரிச்சு முடியட்டும், அப்புறம் விடுங்க.